சாலைச் சாவுகளை ஒழிப்பதில் ஊராட்சியின் பங்கு

சாலை கிராமத்தின் உயிர்நாடி என்பதை யாவரும் அறிவர். விளைந்த நெல் சந்தைக்குச் செல்வதும், நோயுற்றவர் மருத்துவமனையை அடைவதும், பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வருவதும் சாலையால்தான். சாலை வேண்டுமென்று மனுக் கொடுக்காத ஊராட்சி ஒன்றேனும் உண்டோ? ஆயினும், நாம் கேட்டுப் பெற்ற அச்சாலையே ஆண்டுதோறும் நம் மக்களில் பலரைப் பலி கொள்ளுகிறது. வெள்ளத்தையும் கொள்ளை நோயையும் எதிர்த்துத் திட்டமிடும் நாம், சாலைச் சாவை மட்டும் விதியென்று விட்டுவிடுகிறோம். அது விதியன்று, தக்க முயற்சியால் தடுக்கக் கூடியதே என்பதை விளக்கி, அம்முயற்சியில் ஊராட்சி ஆற்ற வேண்டிய பங்கை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்டின் கணக்கு

மத்திய அரசாங்கத்தின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கை வெளியிட்டு வருகிறது. அதன்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,68,491 பேரும், 2023ஆம் ஆண்டில் 1,72,890 பேரும் சாலை விபத்துகளில் இறந்தனர். அதாவது 2023இல் ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய இருபது பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர் 18,347 பேர். நாள் ஒன்றுக்கு ஐம்பது பேர் என்று கொள்ளலாம். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் மாநிலம் நாட்டிலேயே முதலிடத்திலும், இறப்பில் உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்த இடத்திலும் இருந்தது.

இக்கணக்கில் கிராமத்தார் கருத்தூன்றிக் காண வேண்டிய செய்திகள் மூன்று உள. முதலாவது, 2022இல் இறந்தோரில் நூற்றுக்கு 68 பேர் உயிரிழந்தது ஊரகப் பகுதிகளில். நெரிசல் மிகுந்த நகரத்தில்தான் ஆபத்து அதிகம் என்ற எண்ணம் தவறானது. இரண்டாவது, இறந்தவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்; ஏறக்குறைய 20 பேர் கால்நடையாகச் சென்றவர். காரில் செல்வோரைக் காட்டிலும் மோட்டார் சைக்கிளில் செல்லும் உழவனும், நடந்து செல்லும் கூலியாளுமே பெரிதும் மடிகின்றனர். மூன்றாவது, மூவரில் இருவர் 18 முதல் 45 வயதிற்குட்பட்டவர். குடும்பத்தைத் தாங்கும் வயதினர். அத்தகையவர் ஒருவர் மறைந்தால் நிலம் அடகுக்குப் போகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது, முதியோர் ஆதரவிழக்கின்றனர். பல ஆண்டுகள் அரும்பாடுபட்டு அடைந்த அபிவிருத்தியை ஒரு கணம் அழித்துவிடுகிறது.

ஒரு சாலையும் ஓர் ஊரும்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், கல்பாக்கம் அணுசக்தி நகரியத்தை அடுத்துள்ளது புதுப்பட்டினம். பக்கத்தில் டச்சுக்காரரின் பழைய கோட்டையுள்ள சதுரங்கப்பட்டினம், வடக்கே மாமல்லபுரம், தெற்கே பாலாறு கடலோடு கலக்குமிடம். இவ்வூர்களை இணைத்துச் செல்வது கிழக்குக் கடற்கரைச் சாலை.

இச்சாலை ஒரே நாளில் பிறந்ததன்று. கடலோரச் சிற்றூர்களைத் தொட்டுச் சென்ற சிறு சாலைகள் பலவற்றை இணைத்து அகலப்படுத்தி, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 1990களில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே நெடுஞ்சாலையாக உருவாக்கினர். 2000ஆம் ஆண்டில் இதன் பராமரிப்பைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் ஏற்றது. 2002 முதல் சுங்கம் வசூலிக்கப்பட்டது. பின்னர் மாமல்லபுரம் வரையிலான பகுதி நான்கு வழிப் பாதையாயிற்று. மாமல்லபுரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதி தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டு, அதனையும் நான்கு வழியாக்கும் பணி பகுதி பகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

சாலை வளர்ந்தது, வேகம் வளர்ந்தது. ஊரோ அதே இடத்தில் இருக்கிறது. விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு விரையும் கார்களும், ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்களும், சவுக்குக் கட்டை ஏற்றிய லாரிகளும் செல்லும் அதே தார்ப்பரப்பில்தான் மீன்கூடை சுமந்த பெண்கள் நடக்கின்றனர். மாடுகள் மேய்ச்சலுக்குக் கடக்கின்றன. பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குச் செல்கின்றனர். தொலைதூரப் பயணிக்கு இஃது ஒரு நெடுஞ்சாலை. ஊராருக்கோ இது வீதி. ஒரே சாலை இவ்விரண்டு வேலைகளையும் செய்ய நேரும் இடத்தில்தான் ஆபத்து பிறக்கிறது. புதுப்பட்டினத்திற்கு மட்டுமன்று, நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள தமிழ்நாட்டின் ஊர்கள் எல்லாவற்றிற்கும் இது பொருந்தும்.

வேகம் என்பது யாது?

விபத்தின் தன்மையை அறிய வேண்டுமாயின் வேகத்தின் கணக்கை முதலில் அறிதல் வேண்டும். வேகம் இரு மடங்கானால் மோதலின் வலிமை இரு மடங்காவதில்லை; நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் வலிமை ஒன்பது மடங்காகிறது.

இதனை நம் ஊர் வழக்கில் கூறுவோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்று ஒரு சுவரில் மோதுவது, மூன்றரை மீட்டர் உயரமுள்ள கூரையிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, பதினான்கு மீட்டர் உயர்ந்த பனைமரத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 90 கிலோமீட்டர் வேகமோ, அத்தகைய பனைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத உயரம். கூரையிலிருந்து விழுந்தவன் கைகால் முறிந்தேனும் பிழைக்கலாம். பனை உச்சியிலிருந்து விழுந்தவன் நிலை என்னவென்று பனையேறும் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்னுமொரு கணக்கு. வண்டியோட்டி ஆபத்தைக் கண்டு, தடையை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. அந்த விநாடியிலும் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். இருபது மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை சாலையில் இறங்கியதாகக் கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும், குழந்தை பிழைத்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் தடையை மிதிப்பதற்குள்ளாகவே 17 மீட்டர் கடந்திருக்கும். அது முற்றும் நிற்க 37 மீட்டர் வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியோ, ஓட்டுநரின் கால் தடையின்மேல் படுமுன்பே குழந்தையைக் கடந்து சென்றிருக்கும். மழை நாளில் இத்தொலைவுகள் இன்னும் மிகும். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் சாலைச் சாவுகளில் நூற்றுக்கு 71க்கு மிகைவேகமே காரணமென்று காட்டப்பட்டிருப்பதன் பொருள் இப்பொழுது விளங்கும்.

ஸ்வீடன் காட்டிய வழி

ஐரோப்பாவின் வடபகுதியிலுள்ள ஸ்வீடன் நாட்டின் பாராளுமன்றம் 1997ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு புதுக் கொள்கையை ஏற்றது. சாலையில் ஒருவரும் சாதலோ, பெருங்காயமுறுதலோ கூடாது. எண்ணிக்கையின் இலக்குப் பூச்சியமே என்பது அக்கொள்கை. அவ்வாண்டு அந்நாட்டில் சாலையில் இறந்தவர் 541 பேர். 2023இல் அது 229 ஆயிற்று. இதற்கிடையே வண்டிகள் குறையவில்லை, பெருகவே செய்தன.

அவர்கள் எண்ணியது எளியதே. மனிதன் தவறு செய்யும் இயல்புடையவன். உழுதுவிட்டுக் களைத்து வருகிறவன் ஒரு கணம் அயர்வான். குழந்தை பந்தைத் தொடர்ந்து ஓடும். இத்தவறுக்குத் தண்டனை மரணமாக இருத்தல் தகாது. ஆகவே தவறு நேர்ந்தாலும் உயிர் போகாத வகையில் சாலையை அமைப்பது, அதை அமைப்போரின் கடமை என்று வகுத்தனர். எதிரெதிர் வரும் வண்டிகள் மோதாதவாறு நடுவில் கம்பித் தடுப்பு அமைத்தனர். நாற்சந்திகளை வட்டச் சந்திகளாக்கி வேகத்தைத் தணித்தனர். மக்கள் நடமாடும் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகத்தை விதித்தனர்.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மும்பை–புனே விரைவுச் சாலையில் 2016இல் 151 பேர் இறந்தனர். அவ்வாண்டு முதல் அச்சாலையை அடி அடியாக ஆராய்ந்து, தடுப்புகளைச் சீர்செய்து, வேகத்தைக் கண்காணித்து, மருத்துவ உதவியை விரைவாக்கியதன் பயனாகச் சில ஆண்டுகளில் அத்தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் சபையும் 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளில் உலகின் சாலைச் சாவுகளைப் பாதியாகக் குறைத்தல் வேண்டுமென இலக்கு வைத்துள்ளது.

சட்டமும் நீதிமன்றமும்

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திற்கு மாற்றாக 1988ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. அதில் 2019ஆம் ஆண்டு பெருந்திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி, நான்கு வயதுக்கு மேற்பட்டவர் யாவரும் இரு சக்கர வண்டியில் தலைக்கவசம் அணிய வேண்டும். வயது நிரம்பாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. சாலையைப் பிழைபட அமைத்து அதனால் உயிர்ச்சேதம் நேர்ந்தால், அமைத்தவருக்கும் பராமரிப்பவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சாலையை அமைப்பவரும் பொறுப்பாளரே என்பது சட்டத்தில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

இத்துறையில் தமிழ்நாட்டவர் ஆற்றிய பணி பெரிது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன், சாலைச் சாவுகளைத் தடுக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014 ஏப்ரலில் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2017 நவம்பரில், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைத்தல் முதலான கட்டளைகளை நீதிமன்றம் பிறப்பித்தது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகள் பற்றிய வழக்கும் தமிழ்நாட்டிலிருந்தே சென்றது. 2016 டிசம்பர் 15இல், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு இத்தொலைவு பின்னர் 220 மீட்டராக்கப்பட்டது. நகராட்சிப் பகுதிகளுக்கும், வளர்ச்சியடைந்த ஊராட்சிப் பகுதிகளுக்கும் தளர்வும் அளிக்கப்பட்டது.

ஊராட்சி செய்ய வேண்டுவன

நெடுஞ்சாலை ஊராட்சிக்கு உரியதன்றே, நாம் என் செய்வது என்று சிலர் வினவலாம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராமச் சாலைகளை அமைத்துப் பராமரிப்பதும், குடியிருப்புப் பகுதியில் பொதுச் சாலைகளுக்கு விளக்கிடுவதும் ஊராட்சியின் கடமைகள். நெடுஞ்சாலையோடு கிராமச் சாலை கூடுமிடத்தில் ஊராட்சியின் பொறுப்புத் தொடங்குகிறது. கீழ்க்கண்டவை உடனே மேற்கொள்ளத் தக்கவை.

1. விபத்துக் குறிப்பேடு. ஊர் எல்லைக்குள் நிகழும் விபத்து ஒவ்வொன்றையும், நாள், நேரம், இடம், வண்டியின் வகை, வெளிச்சத்தின் நிலை ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். ஏறக்குறைய 500 மீட்டர் நீளமுள்ள பகுதியில் மூன்றாண்டுகளில் இறப்போ பெருங்காயமோ விளைந்த விபத்துகள் ஐந்து நேர்ந்தாலும், பத்துப் பேர் இறந்தாலும், தேசிய நெடுஞ்சாலைகளில் அதனை விபத்து மிகுந்த இடமாக அரசாங்கம் கொள்ளுகிறது. ‘அங்கே அடிக்கடி விபத்து நடக்கிறது’ என்ற வாய்ச்சொல்லைவிடக் குறிப்பேட்டின் ஒரு பக்கம் அதிகாரிகளிடம் அதிகம் பேசும்.

2. சந்திகளைச் சீராக்குதல். கிராமச் சாலை நெடுஞ்சாலையை அடையுமிடத்தில் முட்செடிகளையும் விளம்பரப் பலகைகளையும் அகற்றி, இரு பக்கமும் பார்வை தெளிவாகத் தெரியச் செய்ய வேண்டும். கிராமச் சாலையின் பக்கம் வேகத்தடை அமைத்து வெள்ளை வண்ணம் பூச வேண்டும். வண்ணம் பூசாத வேகத்தடை இரவில் தானே ஒரு விபத்தாகும்.

3. விளக்கு. சந்தி, பஸ் நிறுத்தம், பள்ளி வாயில், மக்கள் கடக்குமிடம் ஆகியவற்றிற்கு முதலில் விளக்கிடுக. எரியாத விளக்கைக் கணக்கில் சேர்த்தல் ஆகாது.

4. கடக்கும் வழி. சாலை அகலப்படும்போது, நிலம் ஒருபுறமும் வீடு மறுபுறமுமாகப் பிரிந்துபோகும் குடும்பங்கள் எத்தனை, மாடுகள் கடக்குமிடம் எது, மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கை எடுத்து, சுரங்கப் பாதையோ கடவுப் பாதையோ வேண்டுமென்று வரைபடத்தோடு கோர வேண்டும். பணி முடிந்தபின் கேட்பதைவிடத் திட்டம் தீட்டும்போது கேட்பது எளிது. கடக்கத் தக்க வழியில்லாவிடில் மக்கள் நடுத் தடுப்பைத் தாண்டுவர். அதன் விலை உயிர்.

5. கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஆண்டில் ஒரு கூட்டத்திலேனும் சாலைப் பாதுகாப்பைத் தனிப் பொருளாக வைத்து, தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவிற்கு அனுப்புதல் வேண்டும்.

உழவர் கவனத்திற்கு

சாலையில் சாவை விளைவிப்பவர் நகரத்துக் கார்க்காரர் மட்டுமே என்று கருதுதல் நேர்மையாகாது. நம் பக்கத்துப் பிழைகளும் உண்டு.

தார்ச்சாலையில் நெல்லைக் காயவைப்பதும், கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வண்டிகளை ஏறவிடுவதும் நெடுநாள் வழக்கம். தானியத்தின்மேல் ஏறும் இரு சக்கர வண்டி சறுக்கும். அதைச் சுற்றி அடுக்கிய கற்கள் இருளில் கண்ணுக்குத் தெரியா. சாலை களமாவதற்குக் காரணம் ஊரில் களமின்மையே. ஆகவே தடுத்தால் மட்டும் போதாது. உலர்களம் அமைப்பதை ஊராட்சி முதற்பணியாகக் கொள்ள வேண்டும். டிராக்டரின் இழுவைப் பெட்டிக்கும் மாட்டு வண்டிக்கும் பின்புறம் ஒளியை எதிரொளிக்கும் சிவப்புப் பட்டை ஒட்டுதல் இன்றியமையாதது. சிறு செலவில் ஓர் உயிரைக் காக்கும் வேலை வேறொன்றில்லை. இழுவைப் பெட்டியில் திருவிழாவிற்கோ திருமணத்திற்கோ ஆட்களை ஏற்றிச் செல்லுதல் கூடாது. சவுக்குக் கட்டையை வண்டிக்கு வெளியே நீளவிட்டு ஏற்றுவதும் சட்டத்திற்கு மாறானது. சாலையோரத்தில் மாட்டை அவிழ்த்துவிடுவது மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒருங்கே கேடு.

தலைக்கவசம் பற்றி ஒரு சொல். தரமான கவசத்தை வாரிட்டு அணிந்தால் இறக்கும் அபாயம் நூற்றுக்கு நாற்பது அளவு குறையுமென ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ‘வயலுக்குத்தானே போகிறேன்’ என்று கூறுவோர் உண்டு. வீட்டிலிருந்து வயலுக்கு உள்ள தொலைவு குறைவு. ஆனால் நெடுஞ்சாலை இடையே கிடக்கிறது.

விபத்து நேர்ந்தால்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சுத் திட்டம் 2008 செப்டம்பரில் தொடங்கிற்று. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தை 2021 டிசம்பர் 18இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் செங்கற்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எவராயினும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றிப் பெறலாம். இதற்குத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரம்பு வைக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. மத்திய அரசாங்கமும் 2025 மே மாதத்தில், ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சையளிக்கும் திட்டத்தை நாடு முழுமைக்கும் அறிவித்தது.

இத்தனை உதவியிருந்தும், அடிபட்டவரைத் தொட்டால் போலீசும் நீதிமன்றமுமாக அலைய நேருமென்று அஞ்சி மக்கள் விலகி நிற்பதைக் காண்கிறோம். இவ்வச்சம் இனி வேண்டா. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமும் உதவுவோருக்குப் பாதுகாப்பளித்துள்ளன. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கு இல்லை. விருப்பமின்றேல் தம் பெயரைக் கூறவும் வேண்டுவதில்லை. அடிபட்டவரைக் கண்டபடி தூக்காமல், கழுத்து அசையாதவாறு பார்த்துக்கொண்டு, பெருகும் குருதியைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, 108ஐ அழைத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றுதல் தீது.

மோதிய வண்டி இன்னதென்று தெரியாமற் போனாலும் குடும்பத்தினர் நிராதரவாவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், அத்தகைய விபத்தில் இறந்தவர் குடும்பத்திற்கு இரண்டு லட்சம் ரூபாயும், பெருங்காயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் வழங்க வகை செய்யப்பட்டுள்ளது. இதனை அறியாத ஏழைக் குடும்பத்திற்கு மனு எழுதித் தருவது ஊராட்சி உறுப்பினரின் கடமையன்றோ!

முடிவுரை

ஓர் ஊரில் காலராவால் ஓராண்டில் மூவர் இறந்தால் குடிநீர்க் கிணற்றைச் சோதிக்கிறோம், குளோரின் இடுகிறோம். அதே ஊரில் ஒரே சந்தியில் மூவர் இறந்தால் மாலையிட்டு விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறோம். கிணற்றைச் சோதித்தது போல் அச்சந்தியையும் சோதிக்க வேண்டும். பெரிய நெடுஞ்சாலைகளை அரசாங்கம் திருத்தட்டும். நம் ஊர் வாயிலை நாம் திருத்துவோம். ‘எங்கள் ஊர் எல்லையில் இவ்வாண்டு சாலைச் சாவு இல்லை’ என்று கிராம சபையில் எழுந்து கூறும் நாளே ஓர் ஊராட்சிக்கு உண்மையான பெருமை தரும் நாளாகும்.

கிராம சபையில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர் எல்லையில் கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை விபத்துகள் நேர்ந்தன? அவை எந்தெந்த இடங்களில்?
2. நெடுஞ்சாலையைக் கால்நடையாகக் கடப்போர் நாள்தோறும் எத்தனை பேர்? பாதுகாப்பான வழி எவ்வளவு தொலைவில் உள்ளது?
3. சந்தியிலும் பஸ் நிறுத்தத்திலும் விளக்குகள் எரிகின்றனவா?
4. ஊரிலுள்ள டிராக்டர்களிலும் மாட்டு வண்டிகளிலும் எத்தனைக்கு ஒளிப்பட்டை இல்லை?
5. அறுவடைக்கு முன் உலர்களம் அமைக்கத் தகுந்த பொது இடம் எது?
6. முதலுதவி அறிந்தவர் ஊரில் எத்தனை பேர்? பயிற்சிக்கு யாரை அனுப்பலாம்?